இரண்டு இருபது வெயில்

வெள்ளைக்கரடு பேரூராட்சியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு இருபதுக்கு வெயிலைப் பறிமுதல் செய்தார்கள். செய்தவர்களுக்கு அது தெரியாது. வெயிலுகந்தாள் வீட்டு மொட்டைமாடியில் இருந்த நான்கு சோலார் தகடுகளைத்தான் பறிமுதல் செய்வதாக நினைத்துக்கொண்டு, ஸ்பேனரும் கயிறும் டிராக்டருமாக வந்து இறங்கினார்கள், தகடுகளைக் கழற்றினார்கள், பேட்டரியைத் தூக்கினார்கள், கும்பிட்டுக்கொண்டு குறுக்கே நின்றவளை ஒதுங்கச் சொன்னார்கள், போய்விட்டார்கள். ஆபீஸ்காரர்கள் ஒன்றை எடுத்துக்கொண்டு போனால் கூடவே இன்னொன்றும் போய்விடும் என்பது அந்த ஊருக்குப் புதிதில்லை என்பதால், முதல் நாள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெயிலுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்று நம்பிக்கொண்டிருந்த ஊர் அது. கரட்டை உடைத்து ஜல்லியாக்கும் கிரஷர்கள் நாலு, மிளகாய் வத்தல் மண்டி ஒன்று, மற்றபடி வெயில். ஊரின் சொத்து என்று பார்த்தால் இவ்வளவுதான். அங்கே செயல் அலுவலராக வந்து சேர்ந்த கனகசபாபதி, வந்த மூன்றாம் மாதம், வீட்டு சோலார் தகடுகளுக்கான விதிமுறைகளும் கட்டணங்களும் என்று பதினான்கு பக்கத் தீர்மானம் ஒன்றை மன்றத்தில் வைத்தார், மன்றத்தில் இருந்தவர்கள் வடை சாப்பிட்டபடியே அதை நிறைவேற்றினார்கள். தகடு ஒன்றுக்குப் பதிவுக் கட்டணம், சதுர அடிக்கு இவ்வளவு என்று மேம்பாட்டுக் கட்டணம், மாடியில் ஏறிப் பார்ப்பதற்கு ஆய்வுக் கட்டணம், ஏறிப் பார்த்ததைத் தாளில் எழுதித் தருவதற்குச் சான்றுக் கட்டணம். தகடு கைப்பிடிச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி இருக்க வேண்டும், ஏழடிக்கு மேல் உயரக் கூடாது, கண் கூசவில்லை என்று எதிர்வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் தர வேண்டும், வீட்டு வரி ரசீது உயிரோடிருக்கிறவர் பெயரில் இருக்க வேண்டும்.

கனகசபாபதியைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். அவரோ யாரிடமும் ஒரு வாய் காப்பிகூட வாங்கிக் குடித்ததில்லை, சொந்தப் பேனாவில் சொந்த மை ஊற்றி எழுதினார், ஞாயிற்றுக்கிழமையும் ஆபீசுக்கு வந்தார். லஞ்சம் வாங்குகிறவரிடம் எங்கேயாவது ஒரு சந்து இருக்கும், கொடுத்துவிட்டு நுழைந்துவிடலாம். இவரிடம் சுவர் மட்டும்தான் இருந்தது.

அந்தச் சுவரில் பதினொரு தடவை போய் முட்டியவள் வெயிலுகந்தாள். மண்டிக்கு வத்தல் காம்பு கிள்ளிக் கொடுக்கிறவள், விரல் நுனியெல்லாம் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். அவள் புருஷன் சன்னாசி பத்தொன்பது வருஷம் கிரஷரில் வேலைபார்த்து, கரட்டில் பாதியை லாரியிலும் கொஞ்சத்தை நெஞ்சிலும் ஏற்றிக்கொண்டு வீட்டோடு படுத்துவிட்டார். மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு, தலைமாட்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின் கொடுக்கிற காற்றில்தான் உயிர் ஓடியது, மெஷினோ கரண்டில் ஓடியது, கரண்டோ அந்த ஊரில் இஷ்டப்பட்டபோது வந்தது. அதனால்தான் அவள் காதில் கிடந்ததையும் கொட்டடியில் நின்ற இரண்டு ஆடுகளையும் விற்று, இழுத்து மூடிய ஒரு கோழிப்பண்ணையிலிருந்து நான்கு பழைய தகடுகளையும் இரண்டு பேட்டரிகளையும் வாங்கி மாடியில் ஏற்றினாள். அன்றிலிருந்து கரண்டு போனாலும் மெஷின் நிற்கவில்லை. சன்னாசி ஒருநாள் அரை இட்லி கூடுதலாகக்கூடச் சாப்பிட்டார்.

"ஐயா, அவருக்கு நெஞ்சு பூராம் கல்லுத்தூளுங்கய்யா. மெஷினு நின்னா மூச்சு நின்னுரும். கரண்டு இல்லாத நேரத்துக்குத்தான் இந்தத் தகடு" என்று அவள் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொன்னாள்.

"மருத்துவக் காரணத்துக்குன்னு தனி விண்ணப்பம் இருக்கும்மா. அந்த ஃபாரம் இன்னும் அச்சாகி வரல" என்றார் கனகசபாபதி.

"வெள்ளைத்தாள்ல எழுதித் தரட்டுங்களாய்யா?"

"வெள்ளைத்தாள் எப்படிம்மா ஃபாரம் ஆகும்?"

கட்டணத்தையெல்லாம் கட்டினாள். மூன்றடி தள்ளி வைத்தாள். எதிர்வீட்டு அங்கம்மா சம்மதக் கடிதத்தில் கைநாட்டு வைத்துக் கொடுத்தாள். கடைசியில் வீட்டு வரி ரசீது செத்துப்போன மாமனார் பெயரில் இருந்தது. பெயர் மாற்ற வாரிசுச் சான்று வேண்டும், வாரிசுச் சான்றுக்குத் தாலுகா ஆபீஸ் போக வேண்டும், தாலுகா ஆபீஸுக்கு வாரிசே நேரில் வர வேண்டும், வாரிசோ மூக்குக் குழாயோடு கட்டிலில் கிடந்தார். பதினோராவது தடவை அவள் படியிறங்கியபோது, அனுமதியற்ற கூரைமேல் அமைப்பை ஏழு நாட்களுக்குள் அகற்ற வேண்டும் என்ற நோட்டீஸ் கையில் இருந்தது. எட்டாம் நாள்தான் அந்த வெள்ளிக்கிழமை.

தகடுகளை டிராக்டரில் ஏற்றும்போது வெயிலுகந்தாள் டயருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குள்ளிருந்து சன்னாசியின் குரல் கேட்டது, என்ன சொன்னார் என்பது டிராக்டர் சத்தத்தில் காதில் விழுந்தும் விழாமலும் போயிற்று. "மின்வெட்டுக்கு மின்வாரியம் பொறுப்பும்மா, எங்க மேல சொல்லாத" என்றார் கனகசபாபதி, கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னார், பில் கலெக்டர் பரமகுரு எழுதிக்கொண்டார்.

இந்தப் பரமகுரு இருபத்தாறு வருஷமாக ரோட்டோரத் தள்ளுவண்டிகளைப் பறிமுதல் செய்து, பறித்ததன் பட்டியலாக மகசர் எழுதிப் பழகிய கை. வண்டி என்றால் சும்மா வண்டியா, மேலே கொய்யாப்பழம் இருக்கும், தராசு இருக்கும், குடை இருக்கும். அதையெல்லாம் தனித்தனியாக எழுதினால் விரல் ஒடிந்துவிடும் என்று ஒரே வரியாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார். தகடுகளுக்கும் அந்தக் கை தானாக அதையே எழுதிற்று: சோலார் தகடு நான்கு, பேட்டரி இரண்டு, பறிமுதல் நேரத்தில் அவற்றின் மேல் இருந்தவையும் அவற்றைச் சார்ந்து இருந்தவையும் உட்பட. பறிமுதல் பொருள் வைக்கும் கிட்டங்கி முழுக்கத் தள்ளுவண்டிகள் அடைந்து கிடந்ததால், உரிமையாளர் கையெழுத்திட்டுத் திரும்பப் பெறும்வரை இவை யாவும் செயல் அலுவலரின் நேரடிப் பொறுப்பில் இருக்கும் என்று இன்னொரு வரியும் சேர்த்தார். கனகசபாபதி எழுத்துக்கு எழுத்து படித்தார், தப்பொன்றும் இல்லை என்று கண்டார், சொந்த மையில் கையெழுத்துப் போட்டார்.

தகடுகளின் மேல் அந்நேரம் வெயில்தான் இருந்தது. அது கீழ்ப்படிதலுள்ள வெயிலாக இருந்திருக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஊரெங்கும் பொழுது இறங்கியபோது, கனகசபாபதியின் மேஜையைச் சுற்றி மட்டும் இரண்டு இருபது மத்தியானம் அசையாமல் நின்றது. அவர் எழுந்தார், அதுவும் எழுந்தது. மோட்டார் சைக்கிளில் ஏறினார், அதுவும் ஏறிக்கொண்டு, இருட்டிக் கிடந்த கடைத்தெரு வழியாக ஒரு வட்டமான உச்சிப் பொழுதாய் அவரோடு வீட்டுக்குப் போயிற்று. டீக்கடையில் நின்றவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, ஆபீசர்தானே, ஏதாவது புதுத் திட்டமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை கரண்டு கிடையாது. வெயிலுகந்தாள் விடியுமுன்னே ஆட்டோ பிடித்து இருபத்தெட்டு கிலோமீட்டர் போய் சிலிண்டர் ஒன்று எடுத்து வந்தாள், அது பத்தரைவரை வந்தது. இன்னொன்றுக்கு ஆளை அனுப்பிவிட்டு முறத்தை எடுத்து வீசத் தொடங்கினாள். வத்தல் புடைக்கிற முறம், வீச வீச அதன் காரம்தான் வந்தது. அதை எறிந்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வீசினாள். சன்னாசி ஒன்றுமே கேட்கவில்லை. கேட்பதற்குக் காற்று வேண்டுமே. அவளைப் பார்த்தபடியே இருந்தார், ஒரு கட்டத்தில் பார்வை அங்கேயே இருந்தது, பார்க்கிறவர் இல்லை. இரண்டாவது சிலிண்டர் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தது.

இறப்புச் சான்றிதழைப் பரமகுரு வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தார், இருபத்தொரு நாளுக்குள் பதிந்தால் அதற்குக் கட்டணம் இல்லை என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அந்த ஆபீசிலிருந்து அவளுக்கு ஒரு தடவையில் கிடைத்த ஒரே தாள் அதுதான். வெயிலுகந்தாள் அழவில்லை. இனி செத்தாலும் அந்த ஆபீஸ் வாசலை மிதிக்க மாட்டேன் என்று வெயிலுகந்தம்மன் பேரில் சத்தியம் செய்தாள், அந்த ஆள் நாசமாகப் போவதைக் கண்ணால் பார்க்காமல் சாகவும் மாட்டேன் என்று அதோடு சேர்த்துக்கொண்டாள். முதல் சத்தியம் சுலபம். இரண்டாவதற்காக அவள் தினமும் மாடியில் ஏறி, தகடு கழற்றிய நான்கு வெற்று இடங்களுக்கு நடுவில் உட்கார்ந்து வத்தல் கிள்ளியபடி, ஆபீஸ் ஜன்னல்கள் வழியாகக் கொட்டிக்கொண்டிருந்த அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள்.

ஐப்பசி வந்தது, அடைமழை பிடித்தது, ஊரெங்கும் மிளகாய் முற்றத்திலேயே புழுங்கி நாறத் தொடங்கியது. அப்போதுதான் ஊருக்கு அந்த வெயில் ஞாபகம் வந்தது. முதலில் அங்கம்மா, ஒரு சாக்கு மிளகாயைத் தலையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குள் போய், செயல் அலுவலரின் மேஜையிலிருந்து ஐந்தடி தள்ளி விரித்துவிட்டு வந்தாள். மூன்று நாளில் மிளகாய் கலகலவென்று வத்தலாகிவிட்டது. பிறகு ஊரே போயிற்று. மிளகாய் போயிற்று, கூழ்வத்தல் போயிற்று, கொப்பரை போயிற்று, விதை நெல் போயிற்று, மழையில் நனைந்த பள்ளிக்கூட யூனிஃபார்ம்கள் போயின, மஞ்சள் காமாலை கண்ட ஒரு பச்சைப்பிள்ளையைக்கூட எடுத்துப்போய் அரைமணி நேரம் காட்டிவிட்டு வந்தார்கள். பிறப்புச் சான்று வாங்கப் போனவர்கள் கருவாட்டைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். இது எப்படி, எதனால் என்று ஒருவரும் கேட்கவில்லை. யார் சாக்கு யார் சாக்குக்கு முன்னால் என்றுதான் சண்டை போட்டார்கள்.

கனகசபாபதிக்கு அப்போதும் புத்தி வரவில்லை. உலர்த்தல் கட்டணம் என்று ஒன்றை விதித்து, முறத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு, கருவாட்டுக்கு நாற்றத்தை முன்னிட்டு இரட்டிப்பு என்று பலகை மாட்டினார். கட்டினார்கள். கட்டணம் கட்டியாயிற்று என்பதால் பிறகு யாரும் அவரை மனுஷராக மதிக்கவில்லை. அவர் டீக்கடைக்குப் போனால், "சார், வத்தல் இன்னும் காயல" என்று பெண்கள் பாயோடு பின்னால் போனார்கள். அவர் கோயில் திண்ணையில் உட்கார்ந்தால் வாசலில் கூழ்வத்தல் உட்கார்ந்தது. மழை கொட்டுகிற தெருவில் ஒரு மனுஷர் மட்டும் காய்ந்துபோய் நடந்துவர, பத்துப் பன்னிரண்டு பெண்கள் முறத்தைத் தூக்கிக்கொண்டு அவர் வேகத்துக்கே நடந்ததை வெயிலுகந்தாள் மாடியிலிருந்து பார்த்தாள். பார்த்து, புருஷன் செத்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். ஊரில் அவள் ஒருத்தி மட்டும்தான் அந்த வெயிலில் ஒரு மிளகாயைக்கூடக் காயப்போடாதவள்.

அங்கம்மா தினமும் செய்தி கொண்டுவந்தாள். "மதினி, அந்தாளுக்கு உதடெல்லாம் வெடிச்சுப்போச்சு. கண்ணுல ஈரத்துண்டக் கட்டிக்கிட்டுப் படுக்குறாராம், இமைக்குள்ளயும் வெயிலடிக்குதாம்."

"இன்னும் சொல்லு" என்பாள் வெயிலுகந்தாள்.

"வீட்டம்மா இங்க படுக்கக் கூடாதுன்னு அனுப்பிட்டாங்களாம். பக்கத்து வீட்டுச் சேவலு பொழுதன்னைக்கும் கூவுதாம், பிள்ளைக தூங்கலையாம். ஆபீஸ்லதான் கெடக்காரு."

"இன்னும் சொல்லு."

சொல்லச் சொல்ல அவளுக்கு வயிறு நிறைந்தது. அவள் ஒன்றும் பெருந்தன்மைக்காரி இல்லை, அப்படி ஆகவேண்டும் என்று ஆசைப்படவும் இல்லை. மிளகாய்க் காம்பைக் கிள்ளும்போது ஒவ்வொன்றையும் அந்த ஆளின் மூக்கென்று நினைத்துத்தான் கிள்ளினாள், வேலை வேகமாக நடந்தது.

கனகசபாபதி இடமாறுதல் கேட்டார், கிடைத்தது, அடுத்த செயல் அலுவலரும் பெட்டியோடு வந்து சேர்ந்தார். பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலை வாசித்துக்கொண்டே வந்தவர், மகசர் பக்கம் வந்ததும் பேனாவை மூடிவிட்டார். "பொருளை எண்ணிப் பார்க்காம வாங்கக் கூடாதுன்னு விதி இருக்கு சார். இத நான் எப்படி எண்றது?" என்று அந்த வெளிச்சத்தைக் காட்டிக் கேட்டுவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். பிறகு வந்த இருவரும் அப்படியே போனார்கள். மகசரின் கடைசி வரியை அதற்குப் பிறகுதான் கனகசபாபதி திரும்பப் படித்தார். உரிமையாளர் கையெழுத்திட்டால்தான் அவருக்கு விடுதலை.

தகடுகளைத் துடைத்து டிராக்டரில் ஏற்றி அவரே கொண்டுவந்து இறக்கினார். வாசலுக்கு வெளியே ரோட்டில் நின்றுகொண்டு, "அம்மா, இதையெல்லாம் நீங்க திரும்ப வாங்கிக்கணும்" என்றார். நீ என்றிருந்தது நீங்க ஆகியிருந்ததை அவள் கவனித்தாள்.

"எங்க வைக்கப் போறீங்க சார்?" என்றாள் வெயிலுகந்தாள் மாடியிலிருந்தபடி.

"உங்க மாடியிலதான்."

"அனுமதி இருக்கா?"

அவர் மேலே பார்த்தார். அவரைச் சுற்றி வெயில் அடித்துக்கொண்டிருந்தது, வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

"ரூல்சு இருக்குல்ல சார்" என்றாள் அவள். "அனுமதி இல்லாம மாடில ஒரு குச்சி நடக் கூடாதுல்ல. வாங்கிட்டு வாங்க."

அதற்குப் பிறகு ஊர் பார்த்த வேடிக்கையை வேறெந்த ஊரும் பார்த்திருக்காது. கனகசபாபதி தன் ஆபீசில் தானே விண்ணப்பம் எழுதினார், தன் கையால் தனக்கே பதிவுக் கட்டணம் கட்டினார், தான் மாடி ஏறிப் பார்ப்பதற்குத் தானே ஆய்வுக் கட்டணம் செலுத்தினார். வீட்டு வரிப் பெயர் மாற்றத்துக்குத் தாலுகா ஆபீஸ் போனார். வாரிசு நேரில் வர வேண்டும் என்றார்கள், வாரிசு இறந்துவிட்டார் என்றார், அப்படியென்றால் வாரிசின் வாரிசு நேரில் வரட்டும் என்றார்கள். வெயிலுகந்தாள் வரமாட்டேன் என்றாள். அவர் விதிக்குள் விதி தேடி, நாலு தடவை அலைந்து, வராமலே முடிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். "இந்த வழி அன்னைக்கும் இருந்துச்சுல்ல சார்?" என்று அவள் கேட்டாள். இருந்தது. அதுவரை அவர் தேடவில்லை, அவ்வளவுதான்.

எதிர்வீட்டுச் சம்மதத்துக்கு அங்கம்மா கைநாட்டு வைக்க மறுத்தாள். வெயில் போய்விட்டால் தை வரைக்கும் வத்தல் போட எங்கே போவது? "எனக்குக் கண்ணு கூசும் சார்" என்று, அவருடைய வெயிலிலேயே கண்கூட இடுக்காமல் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். ஊரில் ஒருவருக்கும் அவரை விட மனசில்லை. ஏழு நாள் அவள் வாசலில் போய் நின்று, ஏழு நாளும் அவள் மிளகாயை அங்கேயே காயவைத்துக் கொடுத்த பிறகுதான் அந்தக் கட்டைவிரல் அசைந்தது.

ஒவ்வொரு தடவையும் தாளோடு வந்தார், ஒவ்வொரு தடவையும் வெயிலுகந்தாள் ஒரு குறை சொல்லித் திருப்பி அனுப்பினாள். மருத்துவக் காரண ஃபாரம் எங்கே என்றாள், அவர் சொந்தச் செலவில் அச்சடித்துக் கொண்டுவந்தார். கட்டுக் கட்டாக வந்து இறங்கிய அந்தத் தாள்களைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தாள், மை வாசம் போகவில்லை. ஒரு நாள் வேலை. ஒரே ஒரு நாள் வேலை என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

பன்னிரண்டாவது தடவை அவர் வந்தபோது எல்லாத் தாளும் சரியாக இருந்தது. அவள் பதினொரு தடவை அலைந்ததற்கு ஒன்று கூடுதலாகவே ஆகிவிட்டது. கதவு திறந்திருந்தது, அவர் நிலைப்படியில் நின்றார், ஐந்து மாதமாக அவள் ஒதுக்கி வைத்திருந்த அந்த வெயில் முதல் தடவையாக வீட்டுக்குள் விழுந்து, சன்னாசியின் வெறுங்கட்டிலைத் தொட்டது. கனகசபாபதி பாதி ஆளாகியிருந்தார். தோல் உரிந்த மூக்கு, கறுத்துக் காய்ந்த கை, கையில் மகசர், அதன்மேல் பேனா.

"கையெழுத்துப் போட்டா இந்த வெயிலு உங்ககிட்ட வந்துரும்மா. எனக்கு இருட்டு கிடைச்சாப் போதும்" என்றார். பிறகு தயங்கினார். "அவரும் உங்ககிட்டயே வந்துருவாருன்னு நினைக்கிறேன்."

"யாரு?"

"வெயிலக்கூடத் தாங்கிக்கிட்டேன். இதைத்தான் தாங்க முடியல. முதல் நாள்லருந்தே இதுக்குள்ள ஒருத்தர் இருமிக்கிட்டு இருக்காரு. எனக்குப் பக்கத்துல வந்தாத்தான் கேக்கும், யாரும் அவ்வளவு பக்கத்துல வர்றதில்ல. மெஷின் ஓடுற சத்தம், இருமல், அப்புறம் கூப்புடுறாரு. வெயிலு, தண்ணி குடு, வெயிலு, தண்ணி குடுன்னு. ஐஞ்சு மாசமா இதே."

வெயிலுகந்தாள் எழுந்து வந்து, அவர் தோளுக்கு அருகில், வெயிலுக்குள் தலையை நீட்டினாள். கேட்டது. மெஷினின் அந்த ஒரே சீரான முனகல் கேட்டது. இருமல் கேட்டது, இரண்டு குட்டை, ஒரு நீளம், அதே இருமல். பிறகு, டிராக்டர் சத்தத்தில் அன்றைக்கு அவள் காதில் விழுந்தும் விழாமலும் போன குரல், இப்போது தெளிவாக, கொஞ்சம் கோபமாகக்கூட, "வெயிலு, எங்கடி போன? தண்ணி குடு" என்று கேட்டது.

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டாள். பேனாவை வாங்கினாள். வாங்கிவிட்டாள், மூடியைக்கூடக் கழற்றிவிட்டாள். இதோ ஒரு கையெழுத்து, வெயிலும் குரலும் இருமலும் இந்த வீட்டுக்குள் வந்துவிடும், அவள் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுப்பாள். அந்த ஆள் நாசமாகாமல் தப்பிப் போனாலும் போகட்டும் என்றுகூட அந்த நேரம் அவளுக்குத் தோன்றியது. அப்புறம்தான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சார், உங்ககிட்ட இப்ப மணி என்ன?"

"எப்பவும் ரெண்டு இருபதுதாம்மா."

"என் கைக்கு வந்தா?"

கனகசபாபதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். பொய் சொல்லிப் பழகாத மனுஷர், அதுதான் அவரைக் கெடுத்தது. "பறிமுதல் முடிஞ்சிரும். அப்புறம்... நகரும்னுதான் நினைக்கிறேன்."

"ரெண்டு இருபத்தொண்ணு ஆவும்."

"ஆமா."

"சாயங்காலம் ஆவும். அப்புறம் செவ்வாக்கிழமை வரும்."

வெயிலுக்குள் சன்னாசி இருமினார்.

வெயிலுகந்தாள் பேனா மூடியை மாட்டினாள், அழுத்தி, சத்தம் கேட்கிறவரை அழுத்தி மாட்டினாள், அவர் சட்டைப் பையில் அதைச் செருகினாள். அவள் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "என்கிட்ட வந்தா அவரு சாவாரு சார். உங்ககிட்ட இருந்தா இருப்பாரு. நேரடிப் பொறுப்புன்னு நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கீங்க? மேல இருந்தது மட்டுமா, சார்ந்து இருந்ததும் சேத்துன்னு எழுதியிருக்கு. அவரு அந்தத் தகட்டச் சார்ந்துதான் இருந்தாரு. வச்சுக்கோங்க. சாகுறவரைக்கும் வச்சுக்கோங்க."

"அம்மா, நான் தூங்கி அஞ்சு மாசமாச்சு. எனக்கும் பிள்ளைக இருக்கும்மா" என்று அவர் கைகூப்பினார். அவளும் அன்றைக்கு டயருக்கு முன்னால் அப்படித்தான் கைகூப்பியிருந்தாள், இரண்டு பேருக்குமே அது ஞாபகம் வந்தது.

அவள் அடுப்படிக்குப் போய், பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்து, அந்தக் கூப்பிய கைகளைப் பிரித்து நடுவில் வைத்தாள்.

"ரொம்ப நேரமா கேக்குறாருல்ல, குடுங்க. கேக்குறப்பல்லாம் குடுக்கணும். பானத் தண்ணிதான் அவருக்குப் பிடிக்கும், சூடாக விட்டுறாதீங்க. அரை டம்ளர் குடிச்சதும் போதும்பாரு, கேக்காதீங்க, மிச்சத்தையும் குடுங்க."

கனகசபாபதி டம்ளரோடு திரும்பி நடந்தார், வெயில் கட்டிலை விட்டு, நிலைப்படியை விட்டு, அவர் பின்னாலேயே போயிற்று. தெருமுனையில் முறங்களோடு நின்ற பெண்கள் வழிவிட்டு, பிறகு சேர்ந்துகொண்டார்கள். வெயிலுகந்தாள் மாடிக்கு ஓடி ஏறி, மழையில் நனைந்தபடி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்தாள். நாலு வீடு தாண்டுவதற்குள் அந்த ஆள் நின்று, டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தார். அதில் ஒரு சொட்டு இல்லை. சன்னாசி மறுபடியும் கேட்டிருக்க வேண்டும், குழாயடியைத் தேடி அந்த ஆள் ஓடத் தொடங்கினார்.